மலைவீட்டில் ஒரு பூனைக்குட்டி

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகள் விடியற்காலையில் உறைபனியால் மூடி, வெள்ளை வேட்டி விரித்தாற்போல் காட்சி தரும். அத்தகைய ஒரு நாளில் என் மாணவர் ஒருவர் வாடிய முகத்துடன் வகுப்பிற்கு வந்தார். முந்தின நாள் தம் தங்கைக்காக ஒரு பூனைக்குட்டியைக் கொண்டு வந்திருந்தாராம். கிண்ணத்தில் பால் வைத்தார். சிமெண்டுத் தரையில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்தார். பொழுது விடிந்தபோது குட்டி விறைத்துக் கிடந்தது. "பாலும் கொடுத்தேன், துண்டும் விரித்தேன். என்ன குறை வைத்தேன், சார்?" என்று கேட்டார்.

அவரிடம் அன்பு குறையவில்லை. குட்டிக்கு இன்றியமையாத பொருள்கள் எவை என்பதுதான் தெரியவில்லை. கடைகளில் இன்று பூனைக்கென எத்தனையோ பொருள்கள் விற்கின்றன. அவற்றுள் எவை தேவை, எவை வெறும் அலங்காரம்? பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலும் உயிரியலுமே இதற்கு விடை கூறும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குட்டி ஏன் விரைவில் குளிர்கிறது?

பக்கம் 1 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தையும், பக்கம் 2 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தையும் எடுத்துக்கொள்வோம். சிறியதன் பரப்பு 6 ச.செ.மீ.; கன அளவு 1 க.செ.மீ. பெரியதன் பரப்பு 24 ச.செ.மீ.; கன அளவு 8 க.செ.மீ. அதாவது, ஒரு க.செ.மீ. கன அளவுக்குச் சிறியதில் 6 ச.செ.மீ. பரப்பும், பெரியதில் 3 ச.செ.மீ. பரப்பும் உள்ளன. உடலில் வெப்பம் உண்டாவது உள்ளே இருக்கும் தசைகளிலும் உறுப்புகளிலும். அது வெளியேறுவது பரப்பின் வழியாக. ஆகவே 4 கிலோ எடையுள்ள தாய்ப்பூனையோடு ஒப்பிட்டால், அரைக் கிலோ குட்டி தன் எடைக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வெப்பத்தை இழக்கும். குட்டியின் மயிரும் மெல்லியது. அதனால் இழப்பு இன்னும் மிகும்.

பூனையின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செண்டிகிரேடு. சுற்றுப்புறம் 30 டிகிரிக்குக் கீழே சென்றால் வளர்ந்த பூனையே உடற்சூட்டைக் காக்கக் கூடுதலாக உணவை எரிக்க வேண்டியிருக்கிறது. மலைவீட்டின் அறையில் இரவு வெப்பநிலை 10 டிகிரி என்றால், குட்டிக்கும் அறைக்கும் இடையே 28 டிகிரி வேறுபாடு! எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்று கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். தாயும் உடன்பிறந்த குட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும்போது, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய உடல்போல் ஆகிவிடுகின்றன. வெளியே தெரியும் பரப்பு குறைந்துவிடுகிறது.

முதற்பொருள்: ஓர் அட்டைப்பெட்டி

அசையாத காற்று ஓர் அரிதிற் கடத்தி. சிமெண்டுத் தரையோ அதைப்போல் முப்பது, நாற்பது மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய துண்டு, உடலின் கனத்தால் அமுங்கி, தன்னுள் இருந்த காற்றை இழந்துவிடும். என் மாணவரின் குட்டி இரவு முழுவதும் தன் வெப்பத்தைத் தரைக்குத் தானம் செய்துகொண்டிருந்தது!

மளிகைக் கடையில் கிடைக்கும் அலை அட்டைப்பெட்டி ஒன்று போதும். அந்த அட்டையின் இரு தாள்களுக்கும் நடுவே காற்று சிறைப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியை எடுத்து, பக்கத்தில் குட்டி நுழையும் அளவுக்கு ஒரு வாயில் வெட்டுங்கள். மேற்புறம் மூடியே இருக்கட்டும். சூடான காற்று மேலெழுந்து தப்பிவிடாது. உள்ளே கிழித்த செய்தித்தாளும் அதன்மேல் பழைய கம்பளித் துணியும் இடுங்கள். பெட்டியை இரு மரத்துண்டுகள்மேல் வைத்துத் தரையினின்றும் உயர்த்துங்கள். துணி நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். குன்னூர் மழையில் நனைந்து வந்த குட்டியை முதலில் துவட்டி உலர்த்த வேண்டும் என்பதும் இதனாலேயே.

சூடும் சாவும்

நான்கு கிலோ பூனை நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 240 கிலோ கலோரி உணவு உண்கிறது எனக் கொள்வோம். இது ஏறத்தாழ 1,000 கிலோ ஜூல். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 12 வாட். உங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கின் அளவு! எட்டு வாரக் குட்டியின் எடை ஏறத்தாழ 800 கிராம். அதன் தேவை ஏறத்தாழ 160 கிலோ கலோரி; அதாவது 8 வாட்டுக்குச் சற்றுக் குறைவு.

இனி, ஒரு லிட்டர் வெந்நீரை ஒத்தடப்பையில் 50 டிகிரியில் ஊற்றி, கெட்டித் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். அது 35 டிகிரிக்கு ஆறும்போது வெளிவிடும் வெப்பம் 4.2 × 15 = 63 கிலோ ஜூல். ஆறுவதற்கு மூன்று மணி நேரம் ஆனால், சராசரி 6 வாட். குட்டி தானாக உண்டாக்கும் வெப்பத்தில் முக்கால் பங்கு கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது. தண்ணீரின் தன்வெப்பம் மிகுதியாக இருப்பதால் வந்த பயன் இது. பை பெட்டி முழுவதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது. சூடு மிகுந்தால் குட்டி விலகிப் படுக்க இடம் வேண்டும். கொதிநீர் ஊற்றலாகாது.

ஒரு கடும் எச்சரிக்கை. குளிருக்காகக் கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைக்கும் வழக்கம் மலையூர்களில் உண்டு. அவ்வாறு வைத்து உறங்கியவர்கள் மாண்ட செய்திகளை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இணையும். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தமே சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவு. பூனைக்குட்டிக்காகவோ உங்களுக்காகவோ, மூடிய அறைக்குள் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்.

பாலும் சோறும் போதுமா?

போதா. பூனை இறைச்சியுண்ணி. 'டாரின்' என்னும் பொருளை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு ஆக்க முடியாது. டாரின் இல்லாத உணவால் பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை கெடுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-இல் வெளியிட்டனர். அதே குறைவால் இதயத் தசை நலிந்து பூனைகள் இறப்பதை 1987-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்தனர். டாரின் மீனிலும் இறைச்சியிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. அது நீரில் கரைவதால், மீனை வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல் உணவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். குட்டிகளுக்கெனச் செய்யப்பட்ட முழுச் சத்துணவு கடையில் கிடைத்தால், அது அலங்காரம் அன்று, வாங்கத்தக்கதே. இரைப்பை சிறியதாகையால் நாளைக்கு மூன்று, நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். வளர வளரப் பல பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். அகன்ற கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அம்மருந்தை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. நீலகிரியின் புகழ்பெற்ற யூகலிப்டஸ் தைலத்தைச் 'சளிக்கு நல்லது' என்று குட்டியின்மேல் தடவாதீர்கள், அதுவும் நஞ்சாகும். தோட்டத்து லில்லிச் செடிகளின் இலை, பூ, மகரந்தம் அனைத்தும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மண்தட்டு

பூனை தன் கழிவை மண்ணில் புதைக்கும் இயல்புடையது. அமெரிக்காவில் 1947 வரை வீடுகளில் மணலும் சாம்பலுமே பயன்பட்டன. அவ்வாண்டில் எட்வர்ட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் களிமண் உருண்டைகளைப் பூனைத் தட்டுக்கென விற்கத் தொடங்கினார். உறிஞ்சுவதன் தத்துவம் நுண்புழை ஏற்றம். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். உருண்டைகளின் நுண்துளைகளில் நீர் இழுக்கப்படுகிறது. நம் வீட்டிலோ, ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஐந்து செ.மீ. ஆழத்திற்கு உலர்ந்த மணலோ மரத்தூளோ பரப்பினால் போதும். ஆனால் நாள்தோறும் கழிவை அகற்ற வேண்டும். சில பூனைகளின் கழிவில் வெளிவரும் 'டாக்சோபிளாஸ்மா' என்னும் ஒட்டுண்ணி, நோய் தரும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அதற்குமுன் அகற்றிவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்யலாகாது.

நகம் கீறும் கட்டை

பூனை நகத்தின் மேலுறையை உரிக்கவும் உடலை நீட்டவும் எதையாவது கீறியே தீரும். தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் கட்டை ஒன்றில் சணல் கயிறு சுற்றி, பலகைமேல் நிறுத்துங்கள். பலகை எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? பூனை 60 செ.மீ. உயரத்தில் 20 நியூட்டன் விசையுடன் இழுத்தால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 20 × 0.6 = 12 நியூட்டன் மீட்டர். பலகையின் அகலம் 40 செ.மீ. என்றால், எடை செயற்படும் நடுப்புள்ளி விளிம்பிலிருந்து 0.2 மீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே 12 ÷ 0.2 = 60 நியூட்டன்; கட்டையும் பலகையும் சேர்ந்து 6 கிலோவுக்கு மேல் இருந்தால் கவிழாது. ஒருமுறை கவிழ்ந்த கட்டையைப் பூனை பிறகு தொடாது. உங்கள் நாற்காலியைத் தேடிப் போகும்!

மூடிக்கூடை

மருத்துவரிடம் கொண்டுசெல்ல மூடியுள்ள மூங்கிற்கூடை ஒன்று வேண்டும். 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டையூசி வளைவில் பேருந்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்பினால், முடுக்கம் 5² ÷ 10 = 2.5 மீட்டர்/வினாடி². இது புவிஈர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு. மடியில் இருக்கும் குட்டி மிரண்டு தாவி, ஓட்டுநரின் காலடியில் புகுந்தால் பேருந்தில் உள்ள அனைவர்க்கும் ஆபத்து. கூடையினுள் சாக்குத் துண்டு விரித்தால், உராய்வினால் குட்டி வழுக்காமல் இருக்கும்.

விலை சொல்ல முடியாத பொருள்

1902-ஆம் ஆண்டில் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் மாண்டார். அந்நாளில் இதற்குச் சிகிச்சை அளிக்கும் நிலையம் வடக்கே கசௌலியில் இருந்தது, தென்னிந்தியாவில் இல்லை. அமெரிக்க வள்ளல் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடை துணைசெய்ய, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. நம் மலைக்கே பெருமை தரும் நிலையம் இது. ஆட்டு மூளையிலிருந்து செய்து வயிற்றில் போடப்பட்டுவந்த பழைய ஊசிகளின் உற்பத்தி இந்தியாவில் 2004-ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது. இன்று உயிரணு வளர்ப்பிலிருந்து செய்த தடுப்பு மருந்துகள் பயன்படுகின்றன.

வெறிநோய் நாயினால் மட்டும் வருவதன்று, பூனையாலும் வரும். அறிகுறி தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். ஆகவே மூன்று மாதம் நிறைந்ததும் குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அவ்வைரசைச் சுற்றிக் கொழுப்புறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு வீட்டில் மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரவில் கதவை மூடுங்கள்

தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைகள் நடமாடுவதை அறிவீர்கள். பூனை அவற்றுக்கு இரை. அதே பூனை பறவைகளுக்குக் கூற்றுவன். நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவை இம்மலையின் உயர்பகுதிகளிலும் இதை அடுத்த மலைகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. ஆகவே பூனையை வீட்டினுள் வைத்து, ஒரு கயிற்றில் கட்டிய துணிப்பந்தோடு அதனுடன் விளையாடுங்கள். அதன் வேட்டை ஆசையும் தீரும், பறவையும் பிழைக்கும்.

என் மாணவர் அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு குட்டி வளர்த்தார். இம்முறை முதலில் பெட்டி வந்தது. பிறகுதான் குட்டி வந்தது. அது இப்போது நான்கு கிலோ எடையுடன், 12 வாட் வெப்பத்தை வீசிக்கொண்டு, அவர் தங்கையின் பக்கத்தில் உறங்குகிறது.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவான இரு தம்ளர்களில் 60 டிகிரி வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும், மற்றதைச் செய்தித்தாள் நிரப்பிய அட்டைப்பெட்டியினுள்ளும் வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு செங்குத்தாக இறங்குகிறது? ஏன்?

2. கீறும் கட்டையின் பலகை அகலத்தை 60 செ.மீ. ஆக்கினால், எத்தனை கிலோ எடை போதும்?

3. வளர்ந்த பூனை குளிரில் உருண்டையாகச் சுருண்டு படுப்பது ஏன்? பரப்பு, கன அளவு ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.