எரிமலைப் பாலையில் ஒற்றைத் தடம்

நுழையும்முன்

மோட்டார் சைக்கிள் என்னும் உந்துருளி, விரைவின் அடையாளமாகவே பலராலும் கருதப்படுகிறது. ஐஸ்லாந்தின் உள்நாட்டில் எரிமலைக்குழம்பு உறைந்து கிடக்கும் பாலைவெளியை அதில் கடப்போர் கற்பதோ பொறுமையும் அடக்கமும் ஆகும். அந்நிலத்தின் இயல்பையும் அங்குப் பயணிப்போர் பேண வேண்டிய நெறியையும் இப்பாடம் விளக்குகிறது.

குளிர்ந்த பாலை

வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. அளவில் விலகிச்செல்லும் எல்லையின்மேல் ஐஸ்லாந்து அமைந்துள்ளது. அவ்விடைவெளியில் எழும் பாறைக்குழம்பே அந்நாட்டைப் படைத்தது, இன்றும் படைத்துக்கொண்டிருக்கிறது. அந்நாட்டில் வாட்நயோகுல் என்னும் மாபெரும் பனிக்கவிகைக்கு வடக்கே, 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது ஓதாதஹ்ரோய்ன். 'தீச்செயல்களின் எரிகுழம்பு வெளி' என்பது இப்பெயரின் பொருள். சட்டத்திற்குத் தப்பியோர் இங்கு ஒளிந்து வாழ்ந்தனர் என்பது மக்களிடையே வழங்கிவரும் செய்தி.

பாலை என்றதும் கொடுவெயிலே நம் நினைவுக்கு வரும். இதுவோ குளிர்ந்த பாலை. தெற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் பனிக்கவிகையின்மேல் பெரிதும் பொழிந்துவிடுகின்றன. எஞ்சிப் பெய்யும் மழையும் உருகும் பனியும் துளைகள் நிறைந்த பாறைக்குள் இறங்கி மறைகின்றன. அந்நீர் ஹெர்துபிரெய்த் மலையருகே ஊற்றுகளாக வெளிப்படுவதால், அவ்விடம் மட்டும் பசுஞ்சோலையாக விளங்குகிறது.

பாதை கற்பிக்கும் பாடம்

உள்நாட்டுச் சாலைகளின் எண்ணுக்கு முன் 'எஃப்' என்னும் எழுத்து இருக்கும். அது மலைச்சாலை என்பதன் குறி. கோடையின் சில மாதங்களில் மட்டுமே அச்சாலைகள் திறந்திருக்கும். எஃப் 88 என்னும் சாலை, நாட்டைச் சுற்றிவரும் முதன்மைச் சாலையிலிருந்து பிரிந்து அஸ்க்யா எரிமலையை நோக்கிச் செல்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. நீளும் இவ்வழியில் எரிபொருள் நிலையம் இல்லை. வேண்டிய எரிபொருளையும் உணவையும் கருவிகளையும் பயணியே சுமந்து செல்ல வேண்டும்.

உறைந்த குழம்பு இருவகைப்படும். மெல்ல ஓடி உறைந்தது பலகைபோல் வழவழப்பாகவும் கயிறுபோல் மடிந்தும் காணப்படும். உடைந்து உருண்டு உறைந்தது கத்திமுனைபோல் கூரிய கற்குவியலாகும். இதன்மேல் விழுவோரின் தோலும் உருளிப்பட்டையும் கிழியும். அடுத்து வருவது கருமணலும் நுரைக்கல்லும் நிறைந்த பரப்பு. அங்கு அமர்ந்தபடி ஓட்டினால் முன்சக்கரம் புதையும். ஆகவே ஓட்டுநர் மிதிகட்டையில் எழுந்து நின்று, எடையைப் பின்னே செலுத்தி, பார்வையைத் தொலைவில் நிறுத்துகிறார்.

பாலமற்ற ஆறுகளே பெருஞ்சோதனை. பனி உருகி வரும் ஆறு காலையில் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் ஓடும். வண்டல் கலந்த அந்நீரில் அடிப்பரப்பு தெரியாது. குறுகிய இடம் ஆழமாகவும் அகன்ற இடம் பெரும்பாலும் ஆழங்குறைந்தும் இருக்கும். எனவே அறிந்தோர் முதலில் நடந்து பார்த்தே வண்டியை இறக்குவர். எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், காற்றைப்போல் அது அமுங்காது. இணைப்புத்தண்டு வளைந்து வண்டி நின்றுவிடும். நீர் மிகுந்திருப்பின் காத்திருத்தலும் திரும்பிச் செல்லுதலும் அங்கு அறிவுடைமையே, தோல்வியன்று.

அஸ்க்யா

1875ஆம் ஆண்டு அஸ்க்யா வெடித்தபோது, அதன் சாம்பல் கிழக்கு ஐஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களை மூடியது. ஸ்காண்டிநேவியா வரையிலும் பரவியது. வாழ்விழந்த உழவர் பலர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். வெடிப்புக்குப்பின் நிலம் உள்வாங்கிய பள்ளத்தில் இன்று 200 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள ஏரி அமைதியாகக் கிடக்கிறது. இதற்குத் தெற்கே 2014 ஆகஸ்டு இறுதியில் தொடங்கி ஆறு மாதம் நீடித்த வெடிப்பு, ஏறத்தாழ 85 சதுர கிலோமீட்டர் புதுநிலத்தை உருவாக்கியது.

தெரியுமா?

1965, 1967 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க விண்வெளி வீரர்கள் பாறையியல் பயிற்சிக்காக அஸ்க்யா பகுதிக்கு வந்தனர். பின்னாளில் நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கும் அவர்களுள் ஒருவர்.

தடம் விலகாமை

ஐஸ்லாந்தில் சாலையை விட்டு விலகி வண்டி ஓட்டுதல் சட்டப்படி குற்றமாகும். வெறும் கல்லும் மணலுமான நிலத்தில் ஒரு சக்கரத்தடம் என்ன செய்துவிடும் என்னும் ஐயம் எழலாம். உறைந்த பாறையின்மேல் முதலில் குடியேறும் உயிர்களுள் ஒன்று பாசி. கடுங்குளிரில் அது மிக மெதுவாகவே வளரும். நொடிப்பொழுதில் அதனைக் கிழிக்கும் சக்கரத்தின் வடு பல பத்தாண்டுகள் மறைவதில்லை. மேலும், மணலுக்கு அஞ்சி ஒருவர் சாலையோரம் ஒதுங்கினால், அத்தடத்தையே வழியென நம்பி அடுத்தவரும் செல்வார். கிழிந்த மேற்பரப்பைக் காற்று அரிக்கத் தொடங்கும். ஒருவரின் வசதி பலரின் வழக்கமாகி நிலத்தைச் சிதைக்கும்.

மனிதரை நாடுவிட்டு ஓடச்செய்த நிலம், ஒரு சக்கரத்தின் சுமையைத் தாங்க இயலாத மென்மையும் உடையது. அதன் வலிமைக்கு அஞ்சுவோர் பலர். மென்மையை உணர்வோர் சிலரே. கடினமான மணலாயினும் விலகாது, போடப்பட்ட ஒற்றைத் தடத்திலேயே சென்று திரும்புபவரே அந்நிலத்தை முழுமையாக அறிந்த பயணி.

கற்பவை கற்றபின்

1. மழையும் பனியும் பெய்தும் ஒரு நிலம் பாலையாவது எவ்வாறு? விளக்குக.
2. 'திரும்பிச் செல்லுதலும் அறிவுடைமையே' – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் பகுதியிலுள்ள மலை, காடு, கடற்கரை ஆகியவற்றுள் ஒன்றிற்குச் செல்லும் பயணிகள் பின்பற்ற வேண்டிய ஐந்து நெறிகளை எழுதுக.