வாடகை வீட்டில் தங்கிவிட்ட சிகரெட் நெடி: சுவாச நோயாளர் குடும்பங்களுக்கு

புகைபிடிப்பவர் ஒருவரும் இல்லாத வீட்டில் சிகரெட் நெடி வீசுவதாகவும், அவ்வீட்டிற்குக் குடிபோனது முதல் குழந்தைக்கு இரவு இருமல் மிகுந்திருப்பதாகவும் கூறும் பெற்றோரை எங்கள் புறநோயாளர் பிரிவில் அவ்வப்போது காண்கிறோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள முதியோரை அழைத்து வரும் பிள்ளைகளும் இதையே கூறுகின்றனர். மருத்துவமனைக்கு அருகில் இருக்கட்டும் என்று வீடு மாற்றியிருப்பார்கள், முன்பணமும் கொடுத்தாகிவிட்டது, நெடி மட்டும் போகவில்லை. "வெறும் வாடைதானே, நாலு நாள் சன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். நாலு மாதம் ஆனாலும் சரியாவதில்லை என்பதே நடைமுறை. அதன் காரணத்தையும், நோயாளி இருக்கும் வீட்டில் இதை எவ்வாறு கையாள வேண்டும் என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

திருவண்ணாமலையில் வாடகை வீடுகள் விரைவாகக் கைமாறுகின்றன. பௌர்ணமி தோறும் கிரிவலம் வருவோருக்கு ஓரிரவுக்கென விடப்படும் அறைகள் உள்ளன; தீபத் திருவிழாவுக்கு ஒரு வாரம் விடப்படும் மாடிப் பகுதிகள் உள்ளன; ஆசிரமங்களை நாடி வந்து சில மாதங்கள் தங்கிச் செல்வோரின் வீடுகளும் உள்ளன. முன்பு யார் இருந்தார், அறைக்குள் புகைத்தாரா என்பது அடுத்து வருபவருக்குத் தெரிய வழியில்லை. புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

நெடி என்பது என்ன?

புகைப்பவர் தாமே உள்ளிழுப்பது முதல் நிலைப் புகை. அருகில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் நிலைப் புகை. இவ்விரண்டும் கலைந்து போன பின்னரும் சுவர், மெத்தை, திரைச்சீலை, தரைத் தூசு ஆகியவற்றில் படிந்து நிற்பதை மூன்றாம் நிலைப் புகை என்கிறோம். இப்பெயர் 2009-ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் மூலம் பரவலாயிற்று. பெயர் புதிது; படிவு பழையது. புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் நிக்கோட்டின் எந்தப் பரப்பிலும் எளிதில் ஒட்டிக்கொள்வது. அவ்வாறு ஒட்டிய பின் அது அங்கேயே உறைந்து கிடப்பதுமில்லை. சிறிது சிறிதாக மீண்டும் காற்றில் கலக்கிறது. வெப்பம் கூடினால் அதிகம் கலக்கும். சித்திரை வெயிலில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் நெடி முகத்தில் அறைவது இதனால்தான். பீடிப் புகையும் இவ்வாறே படிகிறது. அது சிகரெட்டைவிட மென்மையானது என்ற எண்ணம் தவறு.

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் புகைப்போர் காலி செய்த வீடுகளை ஓர் ஆய்வுக் குழு பின்தொடர்ந்து ஆராய்ந்து, முடிவுகளை 2011-இல் வெளியிட்டது. அவ்வீடுகள் சராசரியாக இரண்டு மாதம் காலியாகக் கிடந்தவை. புதியவர்களுக்காகத் துப்புரவு செய்யப்பட்டவை. எனினும் அவற்றின் தூசிலும் பரப்புகளிலும் நிக்கோட்டின் எஞ்சியிருந்தது. புதிதாகக் குடிவந்த, புகைக்காத குடும்பத்தினரின் விரல்களிலும் அது காணப்பட்டது. மற்றோர் ஆய்வு பெர்க்லி ஆய்வகத்தினுடையது, 2010-இல் வெளியானது. பரப்பில் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் சேர்ந்து, புற்றுநோயை உண்டாக்கவல்ல நைட்ரோசமைன்களாக மாறுவதை அது காட்டியது. நைட்ரஸ் அமிலம் வாகனப் புகையிலிருந்தும் எரிவாயு அடுப்பிலிருந்தும் வருவது. ஆகவே நம் வீடுகளுக்கு அது அந்நியமானதன்று.

இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. வீட்டினுள் இப்போது ஒருவர் புகைப்பதால் வரும் தீங்கு, முன்னவர் விட்டுச் சென்ற படிவினால் வருவதைவிட மிகப் பெரியது. ஆனால் படிவை அலட்சியம் செய்யக்கூடாதவர் மூவர். தரையில் தவழ்ந்து, தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தை முதலாமவர். உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. ஆஸ்துமா அல்லது நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர் அடுத்தவர். அவருக்கு நெடியே இளைப்பைத் தூண்டக்கூடும். மூன்றாமவர் கருவுற்ற பெண்.

மணத்தால் மறைப்பது

நெடியைக் கண்டவுடன் நம் வீடுகளில் முதலில் செய்வது சாம்பிராணி போடுவது. அடுத்து ஊதுபத்தி, பிறகு வாசனைத் தெளிப்பான், அலமாரியில் நாப்தலின் உருண்டை. இவற்றுள் எதுவும் படிவை அகற்றுவதில்லை. ஒரு நெடியின் மேல் மற்றொன்றை ஏற்றுகின்றன, அவ்வளவே. சாம்பிராணிப் புகையும் புகைதான். அதிலும் நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்கள் உண்டு. பால் காய்ச்சிக் குடிபுகும் நாளில் ஹோமம், சாம்பிராணி, புதுப் பெயிண்ட் வாடை, பழைய சிகரெட் நெடி எல்லாம் ஒரே மூடிய அறையில் சேர, அன்றிரவே இளைப்புடன் அவசரப் பிரிவுக்கு வருவோர் உண்டு. வழிபாட்டை விடச் சொல்லவில்லை. அந்நாளில் நோயாளி உறவினர் வீட்டில் இருக்கட்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும் என்றே கேட்கிறோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ பயன்படுத்தும் நோயாளி இருந்தால், அந்த அறையில் சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு எதையும் ஏற்றாதீர்கள். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் சிறு பொறியும் துணியையும் முடியையும் நொடியில் பற்ற வைக்கும். மூக்குக் குழாயைக் கழற்றிய பின்னரும் ஆடையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் சிறிது நேரம் தங்கியிருக்கும். பூசை விளக்கு வேறு அறையில் எரியட்டும்.

ஓசோன் கருவி வைத்து ஒரே நாளில் வாடையை நீக்குவதாகச் சொல்பவர்களையும் நாட வேண்டாம். ஓசோன் நுரையீரலை உறுத்துவது. நிக்கோட்டினுடன் சேர்ந்து புதிய நுண்துகள்களையும் உண்டாக்குகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் காற்றில் மிதக்கும் துகளைப் பிடிக்கும். கரிவடிகட்டி உள்ளதாயின் வாடையையும் ஓரளவு குறைக்கும். சுவரில் உள்ளதை அது தொடாது. அறை மூலையில் வெட்டி வைத்த வெங்காயம், கிண்ணத்தில் காப்பித்தூள் ஆகியன பற்றிக் கேட்கிறார்கள். தீங்கில்லை, பயனும் சொல்லும்படியாக இல்லை.

துப்புரவின் வரிசை

முதலில் படிவு எங்கே உள்ளது என்று அறிய வேண்டும். நம் மூக்கை முழுவதும் நம்ப இயலாது. சில நிமிடங்களிலேயே அது நெடிக்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வரும் ஒருவரைக் கேளுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் மின்விசிறி இறக்கையின் மேற்புறம், கதவின் மேல்விளிம்பு, மின்பொத்தான் பலகை, கொசுவலைக் கம்பி ஆகியவற்றைத் துடைத்துப் பாருங்கள். சாதாரணத் தூசு சாம்பல் நிறமாக வரும். புகைப் படிவு பழுப்பு மஞ்சளாக, சற்றுப் பிசுபிசுப்பாக வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம்; யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

துணியும் பஞ்சும் உள்ளவையே நெடியை அதிகம் பிடித்து வைப்பவை. முன்னவர் விட்டுச் சென்ற மெத்தை, தலையணை, சோபா, தரைவிரிப்பு ஆகியவற்றை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இலவம்பஞ்சு மெத்தையை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் உட்புறம் மாறுவதில்லை. திரைச்சீலையை இரண்டு மூன்று முறை துவைத்து வெயிலில் உலர்த்திய பின்னும் வாடை இருந்தால், புதியது வாங்குவதே சிக்கனம்.

அதன் பின் மேலிருந்து கீழாக வாருங்கள். கூரையின் அடிப்புறம், விசிறி, பரண், சுவர், கதவு சன்னல், இறுதியில் தரை. கூரையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்; புகை மேலே எழுவதால் அங்கேதான் படிவு மிகுதி. எண்ணெய்ப் பெயிண்ட் அல்லது எமல்ஷன் பூசிய பரப்பைச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடையுங்கள். துணி பிழிந்த நீர் பழுப்பாக வராத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நிக்கோட்டின் காரத்தன்மை உள்ளது. ஆகையால் ஒரு பங்கு வினிகருடன் மூன்று பங்கு நீர் கலந்து இறுதியாகத் துடைத்தால் எஞ்சியதும் எளிதில் கரையும். ஆனால் சுண்ணாம்புச் சுவர், மொசைக், பளிங்குத் தரை ஆகியவற்றில் வினிகர் வேண்டாம். அமிலம் அவற்றை அரித்துவிடும். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரைக் கழுவுவதைவிடச் சுரண்டி எடுப்பதே வழி.

கழுவாமல் மேலே பெயிண்ட் அடிப்பது பணத்தை வீணாக்குவது. சில வாரங்களில் மஞ்சள் கறை புதுப் பெயிண்டின் ஊடாகக் கசிந்து வரும், நெடியும் திரும்பும். கழுவி, உலரவிட்டு, கறையை அடைக்கும் எண்ணெய் அடிப்படை பிரைமர் ஒரு பூச்சு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடிப்பது முறை. பிரைமரின் வாடையும் நோயாளிக்கு ஆகாது. துப்புரவும் பெயிண்ட் வேலையும் முடிந்து, வாடை அடங்கும் வரை சில நாள்கள் அவர் வேறு இடத்தில் இருப்பது அவசியம். ஆடியிலும் மார்கழியிலும் குடிபுகும் வழக்கம் இல்லாததால் வீடு ஒரு மாதம் சும்மா பூட்டிக் கிடக்கும். அந்த மாதமே இவ்வேலைக்கு ஏற்றது.

குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அறையில் அதன் வடிகட்டியைக் கழுவுவது போதாது. உள்ளிருக்கும் குளிர்சுருளையும் மெக்கானிக்கைக் கொண்டு கழுவச் செய்யுங்கள். இல்லையேல் அது பழைய நெடியையே சுற்றிச் சுற்றித் தரும்.

பிளீச்சிங் பவுடர் கரைசலுடன் வினிகரையோ கழிப்பறை கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும். நலமுள்ளவரையே மூச்சுத் திணறச் செய்யும்.

வீட்டுக்காரரிடம் பேசுவது

பொது இடங்களில் புகைப்பதற்கான தடை, 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ், 2008 அக்டோபர் 2 முதல் விரிவாக நடைமுறைக்கு வந்தது. தனி வீடு அதன் எல்லைக்குள் வராது. ஆகவே வாடகை வீட்டில் பேச்சும் ஒப்பந்தமுமே துணை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, எழுத்து உடன்படிக்கையில் வேறுவிதமாகக் கூறப்படாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் அடங்கும். சண்டையாகத் தொடங்க வேண்டாம். "ஐயா, அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு, அடிக்கப் போகிற பெயிண்டைச் சுவரைக் கழுவிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், கழுவும் கூலியை நாங்கள் தருகிறோம்" என்று கேட்டால் பெரும்பாலோர் இசைகின்றனர். நோயாளியின் நிலையைக் குறிப்பிடும் கடிதம் தேவையெனில் எங்கள் பிரிவில் கேட்டுப் பெறலாம். வரிசை வீடுகளில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து புகை வருமாயின், கதவிடுக்கையும் பொதுச் சுவரிலுள்ள ஓட்டைகளையும் அடைத்து, நோயாளியின் கட்டிலை எதிர்ப்புற அறைக்கு மாற்றுங்கள்.

புகைப்பவர் நம் வீட்டிலேயே இருந்தால்

2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோருள் 38.7 விழுக்காட்டினர் தம் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகின்றனர். அத்தகைய வீட்டில் சுவரைக் கழுவுவது இரண்டாம் பட்சம். மொட்டை மாடியில் புகைத்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் விரலிலும் படிவு உள்ளே வருகிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், புகைக்கத் தடையுள்ள திரையரங்கு ஒன்றின் காற்றை ஆராய்ந்தபோது, பார்வையாளர்கள் நுழைந்தவுடன் புகையிலைச் சேர்மங்கள் உயர்ந்ததை 2020-இல் வெளியிட்டனர். ஆகவே வெளியில் புகைத்தவர் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். இது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. நிறுத்த விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். எங்கள் புறநோயாளர் பிரிவிலும் மருந்தும் ஆலோசனையும் உண்டு. நோயாளியோடு துணைக்கு வரும் அப்பாவோ அண்ணனோ தமக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

வீடு மாறிய முதல் இரண்டு வாரங்களில் இன்ஹேலரைத் தவறாமல் எடுங்கள். "புது வீட்டுக்கு வந்தாயிற்று, இனி வேண்டாம்" என்று நிறுத்துவோர் உண்டு. உடனடி நிவாரண இன்ஹேலர் வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டாலோ, சளியின் நிறம் மாறினாலோ, அடுத்த முறை வரும் தேதிக்குக் காத்திராமல் வாருங்கள். பேச முடியாத மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலாவெலும்புகளுக்கிடையே குழி விழுதல் ஆகியன காணப்பட்டால் 108-ஐ அழையுங்கள்.