தொலைந்த குழந்தை எதற்கு?

கேள்வி: இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவல்களில் குழந்தை தொலைவது, கண்ணீர் வரவழைக்கும் உத்திதானே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: சிலவற்றில் அப்படித்தான். பிரயாக் அக்பரின் ‘லெய்லா’வை (2017) அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சமூகவாரியாக மதில் எழுப்பிய நகரத்தில் நடக்கும் கதை அது. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பெரிய வாய்க்கால் பிரித்த புதுச்சேரிக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மதம் கடந்த மணத்தில் பிறந்த லெய்லா, அந்த மதில்களுக்கு உயிருள்ள மறுப்பு. அதனால்தான் பறிக்கப்படுகிறாள். குழந்தை என்றால் நம்பிக்கையின் குறியீடு என்பார்கள். பிறப்பே நின்றுபோன உலகைக் காட்டும் பி.டி. ஜேம்ஸின் ‘தி சில்ட்ரன் ஆஃப் மென்’ (1992) நாவலுக்கு அது சரி. ‘லெய்லா’விலோ குழந்தை என்பது, ஆட்சி கைப்பற்றும் எதிர்காலம். மூன்றாவது பிறந்தநாளில் பறிகொடுத்த மகளை 16 ஆண்டுகள் கழித்தும் தாய் ஷாலினி தேடுகிறாள். கிடைத்தாலும், பறித்தவர்கள் வளர்த்த பெண்ணாகத்தானே கிடைப்பாள்? வெறும் அழுகைக் கதைக்கு இந்த அச்சம் தேவையே இல்லை.