கை சொல்லும் சாட்சி

2016 மே 17ஆம் திகதி எமது கேகாலை மாவட்டம் மறக்க முடியாத நாள். அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகளும் மண்ணுக்குள் புதைந்தன.

இத்தகைய அனர்த்தங்களில் உடல்கள் எப்போதும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒரு கை மாத்திரம் கிடைத்தால் அது ஆணுடையதா, பெண்ணுடையதா? மார்க்க ரீதியிலும் இக்கேள்வி எமக்கு முக்கியமானது. பெண் மையித்தைப் பெண்களே குளிப்பாட்டுகிறோம். கபன் துணியும் ஆணுக்கு 3, பெண்ணுக்கு 5.

தடயவியலில் இதற்கு மூன்று அளவுகளை எடுப்பார்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை கை நீளம். அதே ரேகையிலிருந்து நடுவிரலின் அடி ரேகை வரை உள்ளங்கை நீளம். சுட்டுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் அடி எலும்பு முட்டுகளுக்கு இடையே கை அகலம். நாம் ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் வேணியர் இடுக்கிமானி போன்ற கருவியே இதற்குப் போதும்.

ஆண்களின் சராசரிக்கும் பெண்களின் சராசரிக்கும் நடுவிலுள்ள எண்ணே எல்லைப் புள்ளி. விளங்குவதற்காக ஆணின் கை நீளம் 19 சென்ரிமீற்றர், பெண்ணினது 17 என வைத்தால், எல்லை 18. அதற்கு மேல் ஆணாகவும் கீழ் பெண்ணாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கைச் சுட்டெண் வரும். மேற்சொன்ன கைகளின் அகலம் முறையே 8.4, 7.5 எனில் சுட்டெண்கள் 44.2, 44.1. வேறுபாடே தெரியவில்லை! மங்களூரைச் சேர்ந்த தனுஜ் காஞ்சன், பிரதீக் ரஸ்தோகி ஆகியோர் வட, தென்னிந்தியர்களின் கைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையும், சுட்டெண்ணைவிட நேரடி அளவுகளே பாலை நன்கு காட்டுவதாகக் கூறுகிறது.

ஆனால் எல்லைப் புள்ளி சமூகத்துக்குச் சமூகம் மாறும். இந்தியாவின் எண்ணை அப்படியே இங்கு பாவிக்க முடியாது. பருவமடையாத பிள்ளைகளுக்கும் இம்முறை பொருந்தாது. உடல் வீங்கியிருந்தால் அளவும் பிழைக்கும். நெட்டைப் பெண்ணும் குட்டை ஆணும் எல்லையைத் தாண்டி நிற்கலாம். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையின் முரட்டுத்தனத்தைக் கண்டு ஆண் என்று முடிவு கட்டவும் கூடாது.

ஆகவே கை அளவு தேடலைச் சுருக்கும் முதற்படி மட்டுமே. கைரேகை, பல், மரபணு ஆகியவையே ஆளை உறுதிப்படுத்தும். எனினும் அந்த முதற்படியைச் சரியாக வைத்தால், காணாமற்போனவரைத் தேடி நிற்கும் குடும்பம் தன் உறவை விரைவில் அடக்கம் செய்ய வழி பிறக்கும். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் சகோதரிகளே, இத்துறையில் எமது பெண்களின் பணியும் தேவை.