மணலின் பயணம்

கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் என்று தமிழர் அழைத்தனர். மீன், உப்பு ஆகியவற்றைப் போலவே மணலும் நெய்தல் நிலத்தின் செல்வமாகும். மணற்பரப்பு இருந்தால்தான் மீனவர் படகைக் கரையேற்றவும் கரைவலை இழுக்கவும் வலையை உலர்த்தவும் இயலும்.

கரையில் கிடக்கும் மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதுபோல் தோன்றும். ஆனால், அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் அது கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி.

இப்பயணம் தடைபட்டால் என்ன நிகழும் என்பதைப் புதுச்சேரி காட்டுகிறது. 1980-களின் இறுதியில் அங்குத் துறைமுகத்திற்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. வடக்கே செல்ல வேண்டிய மணல் சுவர்களின் தென்புறம் தேங்கியது. வடபுறக் கரையின் மணலை அலைகள் கொண்டுசென்றன. அதை ஈடுசெய்யப் புதுமணல் வரவில்லை. நகரின் அழகிய மணற்கரை மறைந்தது. கடல் உட்புகாமல் தடுக்கப் பாறைகள் குவிக்கப்பட்டன. பாறைகள் சாலையையும் வீடுகளையும் காத்தன. ஆயினும் அரிப்பு மேலும் வடக்கே, தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம் பகுதி மீனவர் குடியிருப்புகளை நோக்கிச் சென்றது. ஓர் ஊரைக் காத்த சுவர் அடுத்த ஊருக்கு இடராயிற்று.

பின்னர் வேறு வழி தேடப்பட்டது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணல் கரையில் கொட்டப்பட்டது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, அலையின் வேகத்தைத் தணிக்கும் செயற்கைத் திட்டு ஒன்று கடலுக்குள் அமைக்கப்பட்டது. அதன்பின் நகரின் ஒரு பகுதியில் மணற்கரை மீண்டும் தோன்றியது.

புவி வெப்பமடைவதால் இச்சிக்கல் பெருகுகிறது. வெப்பத்தால் கடல்நீர் விரிகிறது. நிலத்தின்மேல் உள்ள பனிப்பாறைகளும் உருகுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. மணற்பரப்பை இழந்த கரையில் புயலலை எளிதில் ஊருக்குள் நுழையும். அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேடுகள் அலைக்கு இயற்கை அரணாகும். கரையோரக் கட்டுமானங்களை முறைப்படுத்த நடுவண் அரசு 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது.

கடற்கரைக்கு ஊர் எல்லையும் மாநில எல்லையும் இல்லை. ஆகவே, ஓரிடத்தில் சுவர் எழுப்புமுன் அடுத்த ஊரின் கரையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொற்பொருள்
அரண் – பாதுகாப்பு
இடர் – துன்பம்
தணித்தல் – குறைத்தல்
தூர்வாருதல் – அடியில் படிந்த மணலை அகற்றுதல்

வினாக்கள்
1. மீனவருக்கு மணற்பரப்பு எவ்வாறு பயன்படுகிறது?
2. அலைத்தடுப்புச் சுவரின் வடபுறம் அரிப்பு ஏற்பட்டது ஏன்?
3. கடல்மட்டம் உயர்வதற்கான இரு காரணங்களை எழுதுக.
4. உங்கள் ஊர் கடலரிப்பால் வருந்துகிறது எனக் கொள்க. கற்சுவர் வேண்டுமா, மணல் நிரப்ப வேண்டுமா? அடுத்த ஊராரையும் கருத்திற்கொண்டு ஐந்து தொடர்களில் விடை எழுதுக.