குர்தியில் பாக்கெட்: போன் தொங்காமல் தைப்பது எப்படி?

'தி புட்டிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் 2018-இல் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட், ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. ஜீன்ஸுக்கே இந்தக் கதி என்றால் குர்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தையல் மெஷின் உள்ள வீட்டில் இதைச் சரிசெய்வது ஒரு பொழுது வேலைதான்.

சைடு கட் இல்லாத ஏ-லைன் குர்தியும் நைட்டியும் பழகுவதற்கு வசதி. கட் வைத்த டாப்ஸில் இடுப்புக்கும் கட்டுக்கும் நடுவே இடம் போதாது. அதற்குப் பேன்ட்டில் பாக்கெட் வைப்பதே மேல்.

முதலில் அளவு. இன்றைய போன்கள் ஏறக்குறைய 6½ அங்குல நீளம், 3 அங்குல அகலம், 200 கிராம் எடை. செய்தித்தாளில் உள்ளங்கையை வைத்து, சுற்றிலும் 1 அங்குலம் தள்ளிக் கோடு போட்டால் பையின் உருவம் வந்துவிடும். சைடு தையலில் சேரும் நேர் ஓரம் 7½ அங்குலம். அதில் வாய் 6½. வாய்க்குக் கீழே பை இன்னும் 4 அங்குலமாவது இறங்க வேண்டும். இல்லையென்றால் உட்காரும்போது போன் நழுவி விழும்.

பைக்குப் பாப்ளின் அல்லது காட்டன் லைனிங் நல்லது. சாட்டின் வழுக்கும். துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நாலாக மடித்து வெட்டினால் இரண்டு பாக்கெட்டுக்கான 4 துண்டுகளும் ஒரே வெட்டில் கிடைக்கும்.

இடுப்புக் கோட்டுக்கு 2 அல்லது 3 அங்குலம் கீழே, முன்துணியிலும் பின்துணியிலும் ஒரே மட்டத்தில் சாக்பீஸால் வாயைக் குறிக்கவும். நல்ல பக்கங்கள் உள்ளே ஒட்டியிருக்க, நாலு துண்டுகளையும் அதனதன் ஓரத்தில் தைக்கவும். சைடு தையல் அரை அங்குலத்தில் வருமென்றால் இதைக் கால் அங்குலத்தில் ஓட்டுவதுதான் சூட்சுமம்: லைனிங் வெளியே எட்டிப் பார்க்காது. பிறகு பைகளை வெளிப்பக்கம் திருப்பி இஸ்திரி போடவும்.

இனி முன்னையும் பின்னையும் சேர்த்து, அக்குளிலிருந்து சைடு தையல். மேல் குறி வந்ததும் ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்து, கால் கட்டையைத் தூக்கி, துணியைத் திருப்பி, பையைச் சுற்றித் தைத்துக் கீழ்க் குறிக்கு வந்து, மறுபடி திரும்பி அடிவரை போகவும். அவசரத்தில் நேராக ஓட்டிவிட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

முதலில் பிரிவது வாயின் இரு முனைகள். அமெரிக்காவின் ரினோ நகரத்து டெய்லர் ஜேக்கப் டேவிஸ், பேன்ட் பாக்கெட்டின் மூலைகளில் செம்பு ரிவெட் அடித்ததும் அதற்காகத்தான். 1873-இல் லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து காப்புரிமையும் வாங்கினார். குர்திக்கு ரிவெட் வேண்டாம். முனைகளில் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டினால் போதும்.

ரேயான் போன்ற நெகிழும் துணியில் வாய் தொங்கும். துணியின் கரையிலிருந்து அரை அங்குலப் பட்டி வெட்டி, முன்வாய் ஓரத்தில் சேர்த்துத் தைத்தால் இழுபடாது. இடுப்பில் தையல் உள்ள குர்தியாக இருந்தால், பையின் மேல்முனையை ஒரு நாடாவால் அந்தத் தையலோடு பிடித்துவிடலாம். போனின் எடையை இடுப்பு தாங்கும்.

டெய்லரிடம் கொடுப்பவர்கள், கால் மீட்டர் லைனிங் கூடுதலாக வாங்கிக் கொடுத்து, துணி வெட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். வெறுமனே "பாக்கெட் வேணும்" என்று சொல்லாமல், போனை எடுத்து மேஜையில் வைத்தே அளவு கொடுங்கள்.