ஆரியங்காவில் நின்ற லாரி

கேள்வி: கேரளத்திலிருந்து திரும்பும்போது ஆரியங்காவில் லாரி எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. கயிறு கட்டியே ஊருக்கு இழுத்து வரலாமா?
– வாசகர், புதியம்புத்தூர்

பதில்: கழுகுமலை தாண்டிவிட்டால் கரிசல்காட்டுச் சாலை பெரும்பாலும் சமதளம், பயமில்லை. வில்லங்கம் புளியரைக்கு இறங்கும் ‘எஸ்’ வளைவில் இருக்கிறது. இறக்கத்தில் கயிறு தொய்யும், பின்வண்டி முன்வண்டியை முட்டும். இரும்பு டோ பார் இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. எஞ்சின் ஓடாவிட்டால் கம்ப்ரஸரும் ஓடாது. ஏர் பிரேக் லாரியில் டேங்க் காற்று இறங்கியதும் ஸ்பிரிங் பிரேக் பின்சக்கரங்களைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில மெக்கானிக்குகள் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை விடுவித்து, “இனி உருளும்ணே” என்பார்கள். உருளும்தான், நிற்காது! இழுக்கும் வண்டியிலிருந்து ஓஸ் போட்டுக் காற்று கொடுத்தால் பிரேக்கும் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் மட்டும் கல்லாகக் கனக்கும்.

கிளம்புமுன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். சக்கரம் சுற்றும்போது கியர்பாக்ஸின் ஒரு பாதியும் சுற்றும்; எஞ்சின் ஓடாததால் எண்ணெய் மேலே ஏறாது, பேரிங் காய்ந்து கருகும். கழற்றிய போல்ட்டுகளைத் துணியில் முடிந்து கேபினில் வைப்பது நல்லது. ரோட்டோரம் வைத்தால் ஒன்று கண்டிப்பாகக் காணாமல் போகும்.

இரு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்வண்டி ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். சரக்கு இருந்தால் ஆரியங்காவிலேயே வேறு வண்டிக்கு மாற்றிவிடலாம். ரெக்கவரி கிரேன் வைத்து இறக்குவதானால் செங்கோட்டை வரை மட்டும் வாடகை பேசினால் போதும். அங்கேயே பட்டறை பார்ப்பது செலவைக் குறைக்கும்.